காலையில் இருமும் வண்டி

அவனியாபுரம்
19 மே 2025, திங்கள்

அன்பு மாமாவுக்கு,

சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதை எல்லாம் அப்புறம் கேட்கிறேன். வண்டி கிடைத்துவிட்டது.

ஷேர் ஆட்டோவை நம் தெரு முனையில் ஓரங்கட்டிவிட்டு இதை அடிக்கிறேன். அவசரத்தில் அடிப்பது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டீசல் வண்டி. ஜீப் மாதிரி நல்ல உயரம். வெள்ளை. 2014 மாடல். என்னோடு சேர்த்து எட்டுப் பேர் உட்காரலாம். ஏற்கெனவே மஞ்சள் போர்டு போட்டு வாடகைக்கு ஓடியது, அதனால் பெர்மிட்டுக்காக நான் ஆர்டிஓ ஆபீஸ் வாசலில் தவம் கிடக்க வேண்டியதில்லை. டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன் பாருங்கள், பக்கத்தில் போன பஸ்ஸில் கண்டக்டர் முகம் எனக்கு நேராகத் தெரிந்தது. மூன்று வருஷமாக ஊர்க்காரர்கள் இடுப்பைப் பார்த்தே ஆட்டோ ஓட்டுகிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

விலையைக் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அம்புட்டுக் குறைச்சல். நானும் முதலில் நம்பவில்லை. காட்டியவர் ஆனையூர் புரோக்கர் அசோக்குமார். வண்டிக்குச் சொந்தக்காரர் பேயாண்டி என்று விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி, நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டிக் கிராமத்தில் இருக்கிறார். மகன் துபாய் போய்விட்டதால் ஓட்ட ஆள் இல்லையாம்.

ஓட்டமும் தயாராக இருக்கிறது. நம் தெருவில் இருக்கும் ரோகிணி டீச்சரும் அவர்களோடு வேலை பார்க்கும் ஆறு பேரும் தினமும் இரண்டு பஸ் மாறி நாகமலைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். ஜூலை ஒன்றிலிருந்து மாத வாடகைக்கு வண்டி வேண்டும், ஓட்டுவது பெண்ணாக இருக்க வேண்டும் என்கிறார்கள். ஜூன் பத்தாம் தேதிக்குள் நான் வண்டியைக் காட்டாவிட்டால் வேறு வேன் பேசிவிடுவார்கள். இந்த ஓட்டம் அமைந்தால் நீங்கள் இன்னும் ஒன்பது மாதத்துக்குக் கப்பலில் கையெழுத்துப் போட வேண்டாம், இறங்கி வீட்டுக்கு வரலாம். நான் வண்டி வாங்குவது இதற்குத்தான். வேறு எதற்கும் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு நான் பார்த்த மூன்றாவது வண்டி இது. முதல் வண்டிக்கு டர்போ போய்விட்டது என்றீர்கள். இரண்டாவதற்கு ஆயில் கருகிவிட்டது என்றீர்கள், நடுக்கடலில் உட்கார்ந்துகொண்டு. இதற்கும் ஒரு நோய் கண்டுபிடித்தீர்கள் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஜன்னல் சீட்டு தனக்குத்தான் என்று எழுதச் சொன்னாள் உங்கள் மகள் பவதாரிணி. எழுதிவிட்டேன்.

மீனா


நடுக்கடல்
20 மே

மீனா,

சாப்பிட்டேன். தூங்கவில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆயில் கருகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கருகின வாடை வருகிறது என்று நீதான் எழுதினாய். இந்தக் கிழட்டுக் கப்பலில் வைஃபை கிடையாது. கேப்டனின் மெயிலில் எழுத்து மட்டும்தான் போகும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை. படம் வராது, சத்தம் வராது. பிரேசிலில் இரும்பு ஏற்றிக்கொண்டு சீனா போகிற வழியில் இருக்கிறோம், ஜூன் பதினைந்து வரை கரையும் இல்லை, போனும் இல்லை. நீ எழுதுகிற நாலு வரியை வைத்துக்கொண்டுதான் நான் நாடி பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே இஞ்சின் ரூமில் நான் எண்ணெய் துடைக்கும் இஞ்சின் மூன்று மாடி உயரம். அதன் ஒரு சிலிண்டருக்குள் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடலாம். அதற்கு என்ன கோளாறு என்று காதை வைத்தால் தெரிகிறது. அவனியாபுரத்தில் நிற்கிற வண்டிக்குக் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

விலை குறைச்சல் என்றால் காரணம் இருக்கும். ஒன்றே ஒன்று செய். வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் பானெட்டில் கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடு. டீசல் இஞ்சின் சூட்டில் இருக்கும்போது நல்ல பிள்ளை வேஷம் போடும். ராத்திரி முழுக்கக் கிடந்து ஆறின பிறகு முதல் தடவை கிளப்பும்போதுதான் அதன் யோக்கியதை தெரியும். விற்கிறவன் நீ வருவதற்கு முன்னாலேயே கிளப்பிச் சூடாக்கி வைத்திருப்பான். இது உலகம் பூராவும் நடக்கிற வித்தை.

பவதாரிணியிடம் சொல், ஜன்னல் சீட்டுக்கு முதலில் இஞ்சின் வேண்டும்.

சிவபாண்டி


அவனியாபுரம்
24 மே

மாமா,

நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு. எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் ஒப்புக்கொள்கிறேன்.

புதன்கிழமை போனேன். பானெட் தோசைக்கல் மாதிரி இருந்தது. "இப்பத்தான் கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம்க்கா" என்றார் அசோக்குமார். வியாழக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் போனேன். பஸ் ஸ்டாப்பில் யாரோ என்னைப் பார்த்துப் போன் பண்ணியிருக்க வேண்டும். நான் போய்ச் சேர்வதற்குள் வண்டி உறுமிக்கொண்டு நிற்கிறது, டீசல் போடக் கிளம்பியதாம். இன்று காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். அப்போதும் சூடு. ஆடு ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய் வந்தார்களாம். பின்கதவைத் திறந்து பார்த்தேன், ஒரு புழுக்கை இல்லை. என்ன, ஆடு குளித்துவிட்டு ஏறியதா என்று கேட்டேன். பேயாண்டி தலையைக் குனிந்துகொண்டார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. எல்லாம் புரோக்கர் எழுதிக் கொடுத்த வசனம்.

ஆனால் மாமா, சூட்டில் அது ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே! நாகமலைக் கல்லூரி ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே ஏறுகிறது. புகை இல்லை. சத்தம் மாவு மில்லில் பெல்ட் ஓடுகிற மாதிரி ஒரே சீராக வருகிறது. வளைவில் ஸ்டியரிங் என் பேச்சைக் கேட்கிறது, உங்களை மாதிரி இல்லை.

எனக்கு இந்த வண்டி வேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். ஆறின வண்டியை எப்படிப் பார்ப்பது? வழி சொல்லுங்கள்.

மீனா


நடுக்கடல்
25 மே

மீனா,

வழி எல்லாம் ஒன்றும் இல்லை. மூன்று தடவை சூடாக்கிக் காட்டுகிறவன் நாலாவது தடவையும் அதையேதான் செய்வான். விட்டுவிடு.

இன்னொரு விஷயம். கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சீனாவில் இறங்காமல் இதே கப்பலில் இன்னும் ஒன்பது மாதம் இருக்க முடியுமா என்று கேட்கிறார்கள். சம்பளம் கூட்டித் தருகிறார்களாம். ஜூன் எட்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சரி என்று எழுதிவிடலாமா என்று யோசிக்கிறேன். அவசரப்பட்டுக் கண்ட வண்டியை வாங்கி மறுபடி ஒரு தடவை நாம் தெருவில் நிற்க வேண்டாம். பட்டது போதும்.

கோபப்படாதே.

சிவபாண்டி


அவனியாபுரம்
28 மே, புதன்

மாமா,

கோபப்படாதே என்று எழுதினால் கோபம் வராதா? மூன்று நாள் உங்களுக்கு எழுதக் கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். இன்று இருக்க முடியவில்லை. உங்கள் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

வண்டி மாட்டிக்கொண்டது.

பேயாண்டி ஊரில் காளியம்மன் திருவிழாவுக்குச் சாமி சாட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். சாமிக்குக் காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கிற வரைக்கும் ஊருக்குள் மிளகாய் இடிக்கக் கூடாது, எண்ணெய் காயவைத்துத் தாளிக்கக் கூடாது, எந்த மோட்டாரும் ஓடக் கூடாது. ரைஸ் மில்லில் இருந்து பம்புசெட் வரை எல்லாம் நிறுத்தம். அதனால் காப்புக்கு முந்தியே அவரவர் வண்டியை ஊர் ஆர்ச்சுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்திவிடுவார்கள். உள்ளே சிக்கிய சக்கரம் காப்பு அவிழ்க்கிற வரைக்கும் உருளக் கூடாது, தள்ளிக்கொண்டு போகவும் விட மாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் காப்பு. நம்ம பேயாண்டி, யாரோ வேற பார்ட்டி பார்க்க வருவதாகப் புரோக்கர் சொன்னார் என்று, வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறார். ஏழு மணிக்குக் காப்பு என்று கணக்கு. பூசாரி நல்ல நேரம் முந்தி வருகிறது என்று ஆறேகாலுக்கே கட்டிவிட்டார். கொட்டுச் சத்தம் கேட்டுப் பேயாண்டி ஷாம்பு நுரையோடு ஓடி வந்து சாவியைத் தேடியிருக்கிறார். அதற்குள் முடிந்துவிட்டது.

இன்று காலையில் போய்ப் பார்த்தேன். ஆர்ச்சில் ஆட்டோவை விட்டுவிட்டு ஊருக்குள் நடந்தேன். வண்டி வாசலில் நிற்கிறது, காய்ந்த நுரைத் திட்டோடு. முகத்தில் யாரோ வேப்பிலைக் கொத்து வேறு செருகியிருக்கிறார்கள். பானெட்டில் கையை வைத்தேன். குடத்துத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது மாமா. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அசோக்குமார் போனில் புலம்புகிறார், "அக்கா, ஒரு வாரம் பொறுக்க வேண்டாம், சூட்டோட சூடா அட்வான்ஸ் போட்டுருங்க" என்கிறார். சூடுதான் இல்லையே, அப்புறம் எங்கே சூட்டோடு சூடாக என்று கேட்டேன்.

ஜூன் நான்காம் தேதி காலையில் காப்பு அவிழ்க்கிறார்கள். எட்டு நாள் ஆறின இஞ்சின். ஊரே சாட்சி. ஒருத்தரும் முன்கூட்டிச் சூடாக்க முடியாது. நான் போய் நிற்கப்போகிறேன். என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். எழுத இஷ்டம் இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

மீனா


நடுக்கடல்
30 மே

மீனா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினேன். காளியம்மன் ஒரு டீசல் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்றதும் கப்பலே கலகலத்துவிட்டது. எங்கள் ரெண்டாவது இன்ஜினியர் மலையாளி, சிரிக்கவே மாட்டார். அவரே சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து வந்து என்னென்ன சோதிக்கலாம் என்று எழுத ஆரம்பித்துவிட்டார். சமையல்காரர் பேரிங் போயிருக்கும் என்கிறார். எலெக்ட்ரீஷியன் இஞ்செக்டர்தான் என்கிறார். இருவருக்கும் இடையே பந்தயம் ஓடுகிறது.

கவனமாகக் கேள். பட்டறை சங்கிலி அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ. நம்ம ஏரியாவில் அவர் கைக்கு மேல் கை கிடையாது.

ஆறின இஞ்சினைக் கிளப்பும்போது 'டொக் டொக்' என்று அடிக்கிறதா என்று பார். அடித்தால் அது இரண்டு நோயில் ஒன்று. டீசலைத் தெளிக்கிற இஞ்செக்டர் கோளாறு என்றால் அது காய்ச்சல் மாதிரி, பார்த்துக்கொள்ளலாம். அடியில் பேரிங் தேய்ந்திருந்தால் அது மாரடைப்பு, இஞ்சின் என்றைக்காவது ரோட்டில் நின்றுவிடும். எது என்று கண்டுபிடிக்கச் சூடேற விடு. சூடேறச் சூடேறச் சத்தம் கூடினால் பேரிங். குறைந்து நின்றால் இஞ்செக்டர். பிறகு ஒவ்வொரு இஞ்செக்டருக்கும் போகிற வயரை ஒன்று ஒன்றாகக் கழற்றி மாட்டச் சொல். எதைக் கழற்றும்போது அடி நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் தளர்த்தி மேலே சும்மா வைத்துப் பார். மூடி குதித்தால் உள்ளே பிஸ்டன் ரிங் காலி, ஓடிவந்துவிடு.

எல்லாவற்றையும் கண்ணால் பார்த்து அப்படியே எழுது. விட்டுவிடு என்று நான் சொன்னதையும் மறந்துவிடாதே.

ஆனால் எழுது. சீக்கிரம் எழுது.

சிவபாண்டி


அவனியாபுரம்
4 ஜூன், புதன்

மாமா,

முதலிலிருந்து சொல்கிறேன், ஒன்றும் விட மாட்டேன்.

விடியற்காலை ஐந்தரைக்கே சங்கிலி அண்ணனை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஊரே கோயில் முன்னால் நிற்கிறது. எட்டு நாள் தாளிக்காத குழம்பு சாப்பிட்ட முகங்கள், எல்லாரும் எப்போது அவிழ்ப்பார்கள் என்று பூசாரி கையையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அசோக்குமாரும் வந்து நின்றார்.

பேயாண்டி தீச்சட்டி எடுத்தவர். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. காப்பு அவிழ்க்கட்டும் என்று காத்திருக்கவில்லை. நேராகப் போய் அவர் முன்னால் நின்றேன். "அண்ணே, கையில காப்போட ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த வண்டிக்கு என்ன?" என்று கேட்டேன்.

அசோக்குமார் குறுக்கே வந்து என்னமோ சொன்னார். பேயாண்டி அவரைப் பார்க்கவே இல்லை. கையைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார்.

"தாயி, இது காலையில இருமும். ஒரு வருசமா இருக்கு. டொக்கு டொக்குன்னு அடிக்கும், பத்து நிமிசத்துல அடங்கிரும். அதான் முன்னாடியே கெளப்பி வச்சுரச் சொன்னாக. நான் மறைச்சது தப்புத்தான்" என்றார்.

மாமா, எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. இந்த ஐந்து மாதத்தில் வண்டி விற்கிற ஒரு மனுஷன் வாயிலிருந்து நான் கேட்ட முதல் உண்மை அது. அசோக்குமார் சத்தம் போடாமல் பின்னால் நகர்ந்து போய் நின்றார்.

காப்பு அவிழ்த்தார்கள். எட்டு நாளைக்கு அப்புறம் அந்த ஊரில் ஓடப்போகிற முதல் மோட்டார் இந்த வண்டிதான். விஷயம் தெரிந்து ஜனம் எல்லாம் கூடிவிட்டது. பொம்பளைகள் குடத்தோடு நிற்கிறார்கள். ஒரு அப்பத்தா எனக்காக வேண்டிக்கொண்டு வண்டிக்குத் திருநீறு பூசிவிட்டுப் போனார். சாவியை நான்தான் போட்டேன். முதல் தடவை சுற்றிவிட்டு நின்றுவிட்டது. இரண்டாவது தடவையும் பிடிக்கவில்லை. மூன்றாவது தடவை பிடித்தது. வெள்ளைப் புகை குப்பென்று வந்து எல்லாரும் இருமினார்கள், வண்டியும் சேர்ந்து இருமியது.

டொக், டொக், டொக். சந்தேகமே இல்லை. கதவைச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி அடித்தது. ஊர்க்காரர்கள் என்னையே பார்த்தார்கள். சங்கிலி அண்ணன் நீட்டமான ஸ்குரூடிரைவரின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். ஆயில் மூடியைத் தளர்த்தி வைத்தார். அது வைத்த இடத்திலேயே இருந்தது, அசையவில்லை. இஞ்செக்டர் வயரை ஒன்று கழற்றினார், அடி நிற்கவில்லை. இரண்டு, நிற்கவில்லை. மூன்றாவதைக் கழற்றினார். சட்டென்று நின்றது. மறுபடி மாட்டினார், டொக் என்றது. நாலு தடவை அப்படிச் செய்து பார்த்தோம், நாலு தடவையும் மூன்றாவதுதான்.

அப்புறம் சூடேற விட்டோம். நான் போனில் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து நிமிஷத்தில் பாதியாகக் குறைந்தது. ஒன்பதாவது நிமிஷத்தில் காணோம். மாவு மில் சத்தம் மட்டும்தான் இருந்தது. அதற்கு மேல் அரைமணி நேரம் நாகமலை அடிவாரம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம், அடி திரும்ப வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு இஞ்செக்டர்தான் தங்கச்சி. இருந்தாலும் சிவபாண்டி சொல்லட்டும். அவன் காது வேற" என்றார் சங்கிலி அண்ணன்.

விலையில் பேயாண்டி தானாகவே குறைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கோயில் பக்கம் திரும்பிச் சொல்லியிருக்கிறார். சொல்லுங்கள் மாமா. வாங்கட்டுமா?

மீனா


நடுக்கடல்
5 ஜூன்

மீனா,

இஞ்செக்டர்தான். மூன்றாவது. உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன், ரெண்டாவது இன்ஜினியரும் வாசித்தார். நீ எழுதியதை வைத்துப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடம் இல்லை. எலெக்ட்ரீஷியன் பந்தயத்தில் ஜெயித்துவிட்டார்.

ஆனால் வாங்க வேண்டாம்.

ஏன் என்று நீ கேட்பாய். இதை எழுதாமல் தப்பிக்க முடியுமா என்று காலையிலிருந்து பார்த்தேன், முடியவில்லை. நம்ம பழைய வேன். உன் செயினைப் போட்டு வாங்கிய வேன். முப்பத்தெட்டாவது நாள் திருமங்கலம் ரோட்டில் இஞ்சின் இறுகி நின்றதே, அதைத் தலைவிதி என்று ஊருக்கு எல்லாம் சொன்னேன். தலைவிதி இல்லை மீனா. வாங்கிய அன்றைக்கே எனக்குக் கேட்டது. வீட்டு வாசலில் அவன் கிளப்பிக் காட்டினானே, அடியில் லேசாக ஒரு தட்டு. பேரிங். ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

அதற்குப் பத்து நிமிஷம் முன்னால்தான் வெற்றிலை பாக்கு, பூ, அட்வான்ஸ் எல்லாம் தட்டில் வைத்து மாற்றியிருந்தோம். உங்கள் அப்பாதான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். தட்டு மாற்றின பிறகு வேண்டாம் என்று சொன்னால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த முப்பத்தெட்டு நாளும் ஒவ்வொரு நாளும் எனக்குக் கேட்டது. உன் செயின் போனது என் வாயால். அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்து ஒரு வண்டியை வாங்கு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. டர்போ, ஆயில் எல்லாம் சாக்கு. கப்பல்கூட அப்படித்தான். கப்பலில் எந்த இஞ்சினையும் வாங்கு என்று நான் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிக்கு இன்னும் பதில் எழுதவில்லை. சரி என்றே எழுதிவிடலாம் என்று இருக்கிறேன். உனக்கு நல்ல வண்டி, புது வண்டியே, ஒன்பது மாதத்தில் வாங்கித் தருகிறேன்.

சிவபாண்டி


அவனியாபுரம்
6 ஜூன், வெள்ளி

மாமா,

உங்கள் கடிதம் காலை ஏழு மணிக்கு வந்தது. வாசித்தேன். முகம் கழுவினேன். எட்டரைக்குப் போய் வண்டியை வாங்கிவிட்டேன்.

பழைய வேன் விஷயம் எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அவன் கிளப்பினதும் உங்கள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. நான் ஜன்னலுக்கு உள்ளே இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்பா தட்டைப் பிடித்திருக்கிறாரே என்று நானும் வாயைத் திறக்கவில்லை. பாதி உங்கள் வாய், பாதி என் வாய். நாலு வருஷமாக முழுப் பாரத்தையும் நீங்களே சுமந்துகொண்டு கப்பல் கப்பலாகத் திரிகிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா? நானாவது உங்களிடம் சொன்னேனா? இரண்டு பேருக்கும் அறிவு இல்லை.

அதனால் இந்த முறை வாயைத் திறந்துவிட்டேன். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பேயாண்டி, சங்கிலி அண்ணன், ரோகிணி டீச்சர் எல்லாரையும் நிற்க வைத்துச் சத்தமாகச் சொன்னேன். "இந்த வண்டிக்கு மூணாவது இஞ்செக்டர் கோளாறு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வாங்குறேன்." ரோகிணி டீச்சர் ஒரு மாதிரி பார்த்தார். பின்னே ஏன்டி வாங்குகிறாய் என்று கேட்டார். ரிப்பேர் பார்க்கிற ஆள் வருகிறது டீச்சர் என்றேன். ஜூலை ஒன்றாம் தேதி ஓட்டம் உறுதி என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறையில் கொடுத்தால் இரண்டு நாளில் சரி பண்ணிவிடுவார்கள் என்று சங்கிலி அண்ணன் சொல்கிறார். எனக்கும் தெரியும். நான் கொடுக்கப்போவதில்லை. புது வண்டி வாங்கித் தருகிறேன் என்கிறீர்கள். புது வண்டிக்கு ஒரு டிரைவர் போதும் மாமா. அதற்கு நான் இருக்கிறேன். நீங்கள் வந்து செய்ய அதில் ஒரு வேலையும் இருக்காது. இந்த வண்டிக்குத்தான் நீங்கள் வேண்டும். கோளாறோடு வாங்கியது அதனால்தான்.

ரோட்டில் என்னை நிற்க வைத்துவிடுவோமோ என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். நான் நாலு வருஷமாக வாசலில் நிற்கிறேன். எனக்கு ரோடே பரவாயில்லை.

எட்டாம் தேதிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. உங்கள் இஷ்டம்.

மீனா


நடுக்கடல்
7 ஜூன்

மீனா,

கம்பெனிக்கு இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டேன். இனி கையெழுத்து இல்லை. பதினைந்தாம் தேதி சீனாவில் இறங்குகிறேன். பதினேழாம் தேதி காலையில் மதுரை ஏர்போர்ட். ஆட்டோவில் வராதே, வண்டியை எடுத்துக்கொண்டு வா.

சங்கிலி அண்ணனிடம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லிவிடு. நான் வருகிற வரைக்கும் அந்த மூன்றாவது இஞ்செக்டரை ஒருத்தரும் தொடக் கூடாது.

சிவபாண்டி